மூத்தவருக்கே காணியா? வன்னிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியில் காணிப் பிரச்சினை என்று பேச்சு எழுந்தால் படையினர் வைத்திருக்கும் காணியும் வன இலாகா நட்ட எல்லைக்கல்லும்தான் முதலில் வாய்க்கு வரும். அவற்றுக்குக் குறையாமல் குடும்பங்களை உடைக்கும் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்பா கண்ணை மூடியதும் காணி யாருடைய பேருக்குப் போகிறது என்பதே அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப்பரப்பு எங்கும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்து எழுதுகிறேன். வழக்குக்குப் போகிறவர்கள் சட்டத்தரணியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

மூத்த பிள்ளைக்குத்தான் காணி எண்டது எங்கட பழைய வழக்கமோ?

இல்லை. இதை ஊரில் பெரியவர்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அது எங்கள் வழக்கம் அல்ல.

வடக்குத் தமிழரின் வழக்கம் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத்தின் திசாவையாக, அதாவது மாவட்ட நிர்வாகியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்து எழுத்தில் வைத்தார். 12 தமிழ் முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். 1806 இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். அதன்படி ஒரு குடும்பத்தின் சொத்து மூன்று வகை: பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணோடு வந்த சீதனம், புருசனும் பெண்சாதியும் சேர்ந்து உழைத்துச் சேர்த்த தேடியதேட்டம். பழைய முறையில் தகப்பன் வழி முதுசம் ஆண் பிள்ளைகளுக்கும், தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கும் போனது. சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இப்படிக் கோடு கிழித்த வழக்கம்தான் அது. அதை நான் மெச்சவில்லை. ஆனால் அண்ணன், தம்பி என்ற வரிசையை அது பார்த்ததே இல்லை. நான்கு ஆண் பிள்ளைகள் என்றால் நான்கு பங்கு. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்த பிறகும் மூத்தவருக்குத் தனிச் சலுகை என்ற ஒன்று அதற்குள் நுழையவில்லை.

அண்ணனுக்கு மரியாதை இருந்தது. சபையில் முதல் தாம்பூலம் அவருக்கு. தகப்பனுக்குக் கொள்ளி வைப்பவர் அவர். தங்கச்சிமாரைக் கரைசேர்க்கிற பொறுப்பும் அவர் தலையில்தான். இவை கடமையும் மரியாதையுமே தவிர, காணிக்கு உரித்து இல்லை.

அப்ப டீ.எஸ். ஒபிசில ஏன் மூத்த பிள்ளையைக் கேக்கினம்?

டீ.எஸ். ஒபிஸ் என்பது பிரதேச செயலகம். அங்கே அப்படிக் கேட்பது உங்கள் காணி தேசவழமைக்குள் இல்லை என்பதால். வன்னியில் பெரும்பாலான வயலும் மேட்டுக்காணியும் அரசாங்கம் பெர்மிட்டில், அதாவது அனுமதிப்பத்திரத்தில், கொடுத்த காணி. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று குளங்களின் கீழ் குடியேற்றப்பட்டவர்களிடம் இருப்பது அதுதான். ஊர்வழக்கில் எல்.டி.ஓ. காணி. அந்த எழுத்துக்களுக்குப் பின்னால் இருப்பது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்.

காணி துண்டு துண்டாகிவிடக் கூடாது என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கவலை. 1927 இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவிலிருந்தே இந்தப் பேச்சு இருந்தது. சட்டம் வந்தபோது விவசாயக் காணி அமைச்சராக இருந்தவர் டீ.எஸ். சேனநாயக்க. ஐந்து ஏக்கர் கொடுத்தால் ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு ஏக்கர் பிரித்து, அவர்களின் பிள்ளைகள் அதையும் பிரித்து, கடைசியில் உழவு மெசின் திரும்ப இடமில்லாத துண்டாகிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. குடாநாட்டில் சில பரப்புக் காணிக்குப் பத்துப் பங்காளிகள் கையெழுத்து வைக்க வேண்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

அதற்குக் கண்ட வழி, காணி ஒருவருக்கே போக வேண்டும் என்பது. பத்திரத்தில் பெயர் உள்ள உரித்தாளர் உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பிறகு காணியைப் பெறுகிறவராக ஒரு பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும். நியமிக்காமல் இறந்தால், துணைவருக்குப் பிறகு யாருக்கு என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை முடிவு செய்யும். அந்த அட்டவணையில் உறவுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே வரிசையில் பலர் இருந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம். “மூத்தவருக்கே காணி” என்ற பேச்சு எங்கள் ஊர்களுக்குள் வந்தது இந்த ஒரு வசனத்தால்.

இந்த முறைக்கு இங்கிலாந்தில் நீண்ட வரலாறு உண்டு. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்பது அங்கே பல நூற்றாண்டுச் சட்டம். அந்த நாடே 1925 இல் அதை ஒழித்துச் சட்டம் இயற்றிவிட்டது. அதற்குப் பத்து வருடங்களுக்குப் பிறகு இங்கே எழுதிய சட்டத்தில் மூத்தவர் முன்னுரிமை ஏறி உட்கார்ந்தது. பங்கு போட்டு வாழ்ந்த சனத்துக்கு அது இன்றுவரை ஒட்டவில்லை.

எங்கட காணி எந்த வகை எண்டு எப்பிடித் தெரியும்?

பத்திரத்தின் தலைப்பைப் பாருங்கள். நொத்தாரிசு எழுதிய உறுதி என்றால் அது தனியார் காணி. அதற்குத் தேசவழமை அல்லது உங்களுக்குரிய சட்டம் பொருந்தும். அனுமதிப்பத்திரம் என்றோ அளிப்பு (கிராண்ட்) என்றோ இருந்து, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பெயரும் இருந்தால் இங்கே நான் சொல்லும் விதிகள் பொருந்தும். ஜயபூமி, ரன்பிம போன்ற பெயர்களில் கொடுத்த பத்திரங்களிலும் எந்தச் சட்டத்தின் கீழ் என்று அச்சில் இருக்கும். பெயரை விட அந்த வரிதான் முக்கியம்.

அப்பா செத்துப் போனார், அம்மா இருக்கிறா. அண்ணா இப்பவே காணியை மாத்த ஏலுமோ?

ஏலாது. துணைவருக்குத்தான் முதல் உரித்து. பின்னுரித்தாளராக அம்மாவின் பெயர் எழுதப்படாமல் இருந்தாலும், அப்பாவுக்குப் பிறகு அம்மா அந்தக் காணியை ஆண்டு அனுபவிக்கலாம். 1969, 1981 ஆம் ஆண்டுத் திருத்தங்கள் இதை உறுதியாக்கின. அண்ணா எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அம்மாவை வெளியே போ என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ஆனால் அப்படிப் பெயர் எழுதப்படாத அம்மாவின் கை கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் விற்க முடியாது. தனக்குப் பிறகு யாருக்கு என்று நியமிக்க முடியாது. மறுமணம் செய்தால் உரித்துப் போய்விடும். முப்பது வயதில் விதவையாகி, பிள்ளைகளை வளர்த்து, அந்த வயலில் நாற்பது போகம் கண்ட தாய்க்கு, கடைசியில் தன்னைப் பார்த்த பிள்ளைக்கு அதைக் கொடுக்க அதிகாரம் இல்லை. பெர்மிட்டுகளில் பெரும்பாலானவை ஆம்பிளையின் பெயரில் எழுதப்பட்ட ஊரில், போரில் இத்தனை பெண்கள் தனித்துப்போன ஊரில், இது பெரிய அநியாயம். இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டிய கடமை எங்கள் எல்லோருக்கும் உண்டு.

இன்னொன்று: அம்மா ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். அவர் ஏற்கனவே அந்த வளவில்தான் இருக்கிறார் என்றால் பிரச்சினை இல்லை. செத்தவீட்டுத் துக்கத்தோடு மகளின் வீட்டுக்கு வவுனியாவுக்குப் போய் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டுப் போங்கள்.

அக்கா மூத்தவ, நான் ஒரே ஆம்பிளைப் பிள்ளை. ஆருக்கு வரும்?

1935 முதல் இருந்த அட்டவணையில் முதல் வரிசை மகன்மார், இரண்டாம் வரிசை மகள்மார். ஆகவே ஐந்து அக்காமாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி ஆண் பிள்ளையும் அவர்கள் எல்லோரையும் தாண்டி முன்னால் வந்தார். பேரன், பேத்தி, சகோதரன், சகோதரி என்று கீழே போனாலும் இதே கதைதான்.

2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இப்போது ‘பிள்ளைகள்’ ஒரே வரிசை. அதற்குள் மூத்தவருக்கு முதலிடம், ஆணோ பெண்ணோ. எண்பது வருடங்களுக்கு மேலாகப் பெண் பிள்ளைகளுக்கு நடந்த அநீதி அந்த அளவில் நின்றது. மூத்தவர் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. உரித்து யாருக்கு என்பது இறந்த நாளிலிருந்தே கணிக்கப்படுவதால், மரணச் சான்றிதழில் உள்ள திகதி இந்த விசயத்தில் மிக முக்கியம். காணி உத்தியோகத்தரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள்.

அண்ணாமார் கனடாவில. நான்தான் வயலில நிண்டனான். எனக்கு ஒண்டும் இல்லையோ?

அதிகம் கேட்கப்படுவதும், பதில் சொல்ல மனம் கஷ்டப்படுவதும் இந்தக் கேள்விதான்.

முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டில் அந்தப் பெர்மிட்டைப் பார்த்தேன். யூரியா பையின் உள்ளே இருக்கும் நைலோன் பையில் நாலாக மடித்து, வாய் கட்டி வைத்திருந்தார்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்திருந்தது. 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன் வரை போய், பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் கிடந்து, திரும்பி வந்த பத்திரம் அது. சட்டி பானையை விட்டுவிட்டு வந்தவர்கள் அதை விடவில்லை. கடைசிப் பெண் பிள்ளை அதை விரித்துக் காட்டினார். காடு மண்டிக் கிடந்த வயலை மீளத் திருத்தியவர் அவர். கமநல சேவை நிலையத்தில் உர மானியத்துக்கு வரிசையில் நின்றவர் அவர். தகப்பனைக் கடைசிவரை தூக்கிப் பராமரித்தவரும் அவர். பின்னுரித்தாளர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

சட்டம் உழைப்பைக் கணக்கில் எடுக்காது. எத்தனை வருடம் வயலில் நின்றீர்கள் என்று கேட்காது. பெர்மிட் காணியில் நீண்ட காலம் இருந்தேன் என்பதை வைத்து ஆட்சியுரிமை கோரவும் முடியாது.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. முதலில் வருகிறவர் வேண்டாம் என்றால், அல்லது உரிய காலத்தில் காணியைப் பொறுப்பேற்காவிட்டால், அவர் உரித்தை ஏற்கவில்லை என்று கொள்ளப்படும். அடுத்தவருக்கு இடம் வரும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாமார் தங்களுக்கு இந்தக் காணி வேண்டாம் என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினால் வேலை இலகுவாகும். இரண்டு அண்ணா, ஒரு அக்கா உங்களுக்கு முன்னால் இருந்தால் மூவரும் எழுதித் தர வேண்டும். போனில் “நீயே வைச்சிரு, நாங்கள் கேக்க மாட்டம்” என்று சொல்வது அன்பு. அது கோப்பில் ஏறாது. அண்ணா உயிரோடு இருக்கும்வரை கேட்க மாட்டார். அவருடைய பிள்ளைகள் ஒருநாள் கேட்கலாம்.

புலம்பெயர்ந்து இருப்பவர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கடதாசியைக் கேட்க உங்கள் தங்கச்சிக்கு வெட்கமாக இருக்கும். காசு அனுப்புகிற அண்ணாவிடம் காணியையும் கேட்பதா என்று அவர் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பார். அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முடித்து அனுப்புங்கள்.

பின்னுரித்தாளரை எப்பிடி நியமிக்கிறது?

பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அதற்கான படிவம் இருக்கிறது. பெர்மிட், அடையாள அட்டை, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு உரித்தாளரே போக வேண்டும். துணைவரையோ, அட்டவணையில் உள்ள இரத்த உறவையோதான் நியமிக்கலாம். மருமகன், மருமகள், வளர்த்த அயல்வீட்டுப் பிள்ளை ஆகியோரை முடியாது. மருமகனுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் மகளின் பெயரைப் போடுங்கள். அதுவே மகளுக்கும் பாதுகாப்பு.

நியமனம் பதியப்பட வேண்டும். அதுவும் உரித்தாளர் இறப்பதற்கு முன்னால் பதியப்பட்டிருக்க வேண்டும். அளிப்புப் பத்திரம் என்றால் காணிப் பதிவகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். படிவத்தில் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களின் பிள்ளைகள் பின்னால் அலைகிறார்கள். பதிந்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூத்தவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நடுப்பிள்ளையை, கடைசிப் பிள்ளையை, பேத்தியை யாரையும் நியமிக்கலாம். மனம் மாறினால் அதை நீக்கி வேறொருவரைப் போடவும் உரித்தாளருக்கு உரிமை உண்டு. பெயர் போட்டால் பிள்ளை தன்னைக் கவனிக்க மாட்டான் என்று பயப்படும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்வரை பிடி அவர்கள் கையில்தான்.

ஐயாவிட்ட இதைப் பேசினால் “என்ர சாவைப் பாக்கிறியோ” எண்டு கோபிக்கிறார்.

பிள்ளைகள் தனித்தனியே போய்ப் பேசினால் அப்படித்தான் தோன்றும். எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்கும் நாளில், ஒரு திவசத்திலோ பொங்கலிலோ, எல்லோர் முன்னிலையிலும் பேசுங்கள். மூத்தவரே பேச்சைத் தொடங்கினால் ஐயாவின் மனம் இளகும். அரச அலுவலர்களே ஊருக்கு வந்து அலுவல் பார்க்கும் நடமாடும் சேவை நாள் இதற்கு நல்ல சந்தர்ப்பம்.

காணியை எல்லாருக்கும் பிரிக்க ஏலாதோ?

ஓரளவுக்கு ஏலும். இதற்குக் கீழே துண்டாட முடியாது என்ற ஆகக்குறைந்த அளவு பத்திரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட அளவில், பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியோடு பிரிக்கக் கேட்கலாம். வயலை விட மேட்டுக்காணிக்கு இது இலகு. மேட்டுக்காணிக்கு ஒரு பிள்ளை, வயலுக்கு இன்னொரு பிள்ளை என்று வேறு வேறு பத்திரங்களுக்கு வேறு வேறு ஆளை நியமிக்கிற குடும்பங்கள் உண்டு. நான் கண்ட ஏற்பாடுகளில் சண்டை குறைவாக வந்தது அதில்தான்.

வேலிபோட்டு வாய்ப்பேச்சில் பிரித்துக்கொள்வது வன்னி முழுக்க நடக்கிறது. பெயர் ஒருவருக்கு, வேலி நாலு பேருக்கு. வங்கிக் கடன், வீட்டுத்திட்டம், நட்டஈடு என்று ஏதாவது வரும்போது பெயர் உள்ளவருக்கு மட்டுமே வரும்.

பெர்மிட் என்ர மனுசன்ர பேரில. அவரைக் காணேல்லை. என்ன செய்யிறது?

மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் முடியும் என்று சொல்லிச் சொல்லி உங்களைக் களைக்க வைத்திருப்பார்கள். கணவரைக் காணாமல் ஆக்கிவிட்டு, செத்துவிட்டார் என்று நீங்களே கையெழுத்து வைக்கச் சொல்வதை ஏற்க முடியாது என்று வீதியோரக் கொட்டகைகளில் இருந்து போராடும் தாய்மாரின் நிலைப்பாடு நியாயமானது.

2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தில் 2016 இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம். இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், அவரின் சொத்தைப் பராமரிக்கவும் அது உதவும். காணி உரித்து உங்கள் பெயருக்கு முழுதாக மாறுவதற்கு அது மரணச் சான்றிதழுக்குச் சமமாகாது. ஆனால் அவருடைய தமையன் வந்து “இது எங்கட குடும்பக் காணி” என்று கேட்டால் அவருக்கு இடம் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்வரை சகோதரர்கள் வரிசையில் மிகவும் கீழே இருக்கிறார்கள்.

கொள்ளி வைச்சவருக்குத்தான் காணி எண்டு சொல்லுகினமே?

எந்தச் சட்டத்திலும் இல்லை.

மலையகத்தில இருந்து வந்த எங்களுக்கு என்ன முறை? முஸ்லிம் ஆக்களுக்கு?

1977 க்குப் பிறகும் 1983 க்குப் பிறகும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களுக்கும், நீராவிப்பிட்டி, செட்டிக்குளம் போன்ற இடங்களின் முஸ்லிம்களுக்கும் பெர்மிட் காணியில் ஒரே விதிதான். தேசவழமை, முஸ்லிம் சட்டம், பொதுச் சட்டம் எதுவும் எல்.டி.ஓ. காணிக்குள் வராது. உறுதிக் காணிக்கு மட்டுமே அவரவர் சட்டம் பொருந்தும். மலையகத்திலிருந்து வந்தவர்கள் பலரிடம் இன்னும் பெர்மிட்டே இல்லை. காணி இல்லாதவர்களைத் தெரிவுசெய்யப் பிரதேச செயலகம் நடத்தும் காணிக் கச்சேரியில் அவர்கள் முதலில் தங்கள் பெயரை ஏற்ற வேண்டும். பதியும்போது கணவனுக்கு மட்டும் என்று விடாமல் மனைவியின் பெயரைப் பற்றியும் கேளுங்கள்.

அப்ப மூத்த பிள்ளைக்கு ஒரு முன்னுரிமையும் குடுக்கக் கூடாதோ?

கொடுக்கலாம். சில வீடுகளில் கொடுக்கத்தான் வேண்டும். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு உழவு மெசினில் ஏறிய அண்ணன்மார் எத்தனை பேர். தம்பியைப் படிப்பித்து, இரண்டு தங்கச்சிமாருக்குச் சீதனம் தேடி, தனக்கென்று ஒன்றும் இல்லாமல் நாற்பதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். மூத்த அக்காமாரும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்குக் காணியைக் கொடுக்கப் பெற்றோர் விரும்பினால் அது நீதியான விருப்பம். விவிலியத்தின் உபாகமம் 21 ஆம் அதிகாரத்தில் தலைப்பிள்ளைக்கு இரட்டைப் பங்கு சொல்லப்பட்டிருக்கிறது. அங்கேயும் மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லாமல் போகவில்லை.

நான் எதிர்ப்பது, யாரும் யோசிக்காமல், யாரும் பேசாமல், பிறந்த திகதி ஒன்றை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் முழுக் காணியும் ஒருவருக்குப் போவதை. உழைத்த மூத்த பிள்ளைக்கும் அது மரியாதை இல்லை. அவர் பாடுபட்டதற்காகக் கிடைத்த காணியை, முதலில் பிறந்ததால் தட்டிக்கொண்டு போனார் என்று தம்பி தங்கைகள் கடைசிவரை சொல்லிக் காட்டுவார்கள்.

அண்ணாவின்ர பேருக்கு மாறியிட்டுது. இனி ஏதும் செய்யலாமோ?

முதலில் மாற்றம் சரியாக நடந்ததா என்று பாருங்கள். அம்மா உயிரோடு இருந்தாரா? அப்பா யாரையாவது நியமித்துப் பதிந்திருந்தாரா? இறந்த திகதிக்கு எந்த அட்டவணை பொருந்தும்? இவற்றில் பிழை இருந்தால் பிரதேச செயலாளருக்கும், பிறகு மாகாணக் காணி ஆணையாளருக்கும் எழுத்தில் முறையிடலாம். முறையீட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிழை இல்லை என்றால் அண்ணாவின் மனம்தான் வழி. அவர் சகோதரர்களைத் தன் பின்னுரித்தாளராக நியமிக்கலாம். அனுமதி பெற்று ஒரு பகுதியை மாற்றிக் கொடுக்கலாம். இருவரும் நேரில் பேச முடியாத அளவுக்குப் பகை முற்றியிருந்தால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். செலவு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அங்கே பேசி முடித்ததை எழுத்தில் எடுத்துக்கொண்டு காணிக் கிளைக்குப் போனால், அண்ணா கையெழுத்து வைக்க வேண்டிய படிவத்தை அவர்கள் தருவார்கள். அந்தப் படிவம் பதியப்படும்வரை வேலியை நகர்த்த வேண்டாம்.